வியர்வை தெரிந்த நடிப்பு

சினிமாவைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. டிக்கெட்டுக் காசு நம் கூலிக் காசு. ஆகவே எது நல்ல நடிப்பு என்று சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு.

1971-ல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில், சைக்கிள் ரிக்‌ஷாவில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். சிலம்பம் சுழற்றுகிறார். நாமும் விசிலடித்தோம். ஆனால் மிதித்த கால் வலித்ததா? அது படத்தில் தெரியவில்லை.

1953-ல் பிமல் ராய் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’ இந்திப் படத்தில் அந்த வலி தெரிகிறது. பல்ராஜ் சாஹ்னி அதில் சம்பு என்ற ஏழை விவசாயி. அவனுடைய இரண்டு பீகா நிலம் ஜமீன்தாருக்கு ஆலை கட்ட வேண்டும். 65 ரூபாய்க் கடன், கணக்குப்பிள்ளையின் பேனாவில் 235 ஆகிறது. கோர்ட்டு கொடுத்த தவணை மூன்றே மாதம். சம்பு கல்கத்தா போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறான். ‘வேகமாகப் போ, இன்னும் காசு தருகிறேன்’ என்று சவாரிக்காரன் விரட்டுகிறான், சம்பு ஓடுகிறான், சக்கரம் கழன்று விழுகிறான். அந்த முகத்துக்கு வசனம் தேவையில்லை. கல்கத்தா வீதிகளில் ரிக்‌ஷா இழுத்துப் பழகியவர் சாஹ்னி.

கடைசியில் நிலம் மீளவில்லை. ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவலாளி அதையும் கீழே போட வைக்கிறான்.

“நாளெல்லாம் படுகிறோம், கொட்டகையிலுமா அழ வேண்டும்?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அழுவதற்காக அல்ல, தோழர்களே! 65-ஐ 235 ஆக்கிய கை யாருடையது என்று அடையாளம் காண்பதற்காக! அதைக் காட்டும் நடிப்புக்கு இன்னும் பலமாகக் கைதட்டுவோம்!