எந்த வயலில் இறங்கச் சொல்கிறாய்?

தறிக்கூடத்திலிருந்து நேரே இங்கே வந்து நிற்கிற தோழர்களே!

போன வாரம் இதே சங்கரன்கோவிலில் ஒருத்தர் மேடையேறினார். பேரைச் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க நான் வரவில்லை. "அக்ரி படித்த பிள்ளைகள் குரூப் 4 பரீட்சை எழுதுகிறார்களே, வெட்கமாக இல்லையா? வயலில் இறங்க வேண்டியதுதானே!" என்றார். கைதட்டல் முடிந்ததும் பிரியாணிக் கடையில் இறங்கிவிட்டார். அவர் வயலில் இறங்கியது தேர்தல் போட்டோவுக்கு மட்டும்தான்!

எந்த வயல் ஐயா? யாருடைய வயல்?

கூலிக்குப் பருத்தி எடுக்கிற தாயின் மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். 2021-இல் வந்த சட்டம் வேளாண்மைப் படிப்பிலும் அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தந்தது. கட்டணத்தையும் அரசே கட்டியது. யார் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியம்தான். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் நாலு வருஷம் படித்துப் பட்டத்தோடு வெளியே வந்தாள். அப்புறம்?

"தொழில் தொடங்கு, திட்டம் இருக்கிறது" என்கிறார்கள். இருக்கிறது! 2002-லேயே வந்த அக்ரி கிளினிக் திட்டம். 45 நாள் இலவசப் பயிற்சி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 44 சதவீத மானியம். காகிதத்தில் படித்தால் கண் குளிர்கிறது. வங்கிக்குப் போனால் ஒரே கேள்வி: பத்திரம் எங்கே? அவள் அப்பா குடியிருப்பதே புறம்போக்கு. பத்திரத்துக்கு எங்கே போவாள்? அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரியர் வைத்துத் தேறிய பண்ணையார் மகனுக்குப் பத்திரம் இருந்தது. கடை திறந்துவிட்டான்!

கடை என்றதும் ஒரு கூத்து ஞாபகம் வருகிறது. பூச்சிமருந்துக் கடை வைக்க டிகிரி வேண்டும் என்று 2015-இல் விதி போட்டார்கள். பழைய கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அவகாசத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து, கடைசியில் அவர்களுக்கு 12 வாரப் படிப்பு போதும் என்றார்கள். முதல் வைத்திருப்பவனுக்கு 12 வாரம், மூளை மட்டும் வைத்திருப்பவளுக்கு நாலு வருஷம்!

மிச்சம் இருப்பது பூச்சிமருந்துக் கம்பெனி வேலை. பைக், பெட்ரோல், டார்கெட். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த சமயம், எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒரு விவசாயியிடம், "அண்ணாச்சி, ரெண்டு மருந்து வேண்டாம், ஒண்ணே போதும்" என்றான். படித்ததைச் சொன்னான். அந்த மாதம் டார்கெட் போச்சு, அடுத்த மாதம் வேலையே போச்சு. உண்மையைச் சொன்னவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குரூப் 4 எழுதுகிறானே என்று நக்கலா? உனக்கல்லவா வெட்கம் வேண்டும்!

அரசே, பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பட்டத்தையே ஜாமீனாக எடு. ஒவ்வொரு கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் ஒரு வேளாண் பட்டதாரியைச் சம்பளம் கொடுத்து உட்கார வை. இந்த இரண்டைத்தான் கேட்கிறோம். மேடைக்கு இடது பக்கம் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போடத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள்.