காலடியில் இருப்பவர்கள்



பழைய அறிவியல் புனைவுப் படங்கள், ராட்சத மிருகப் படங்கள், அவற்றின் ரீமேக்குகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு மிருகத்தைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். காட்ஜில்லா. நம்மில் பலருக்கு அது 1998இல் வந்த ஹாலிவுட் படம். கட்டடங்களை இடிக்கும் ஒரு பெரிய பல்லி. குழந்தைகளுக்குப் பொம்மை. ஆனால் அது பிறந்தபோது பொம்மையாகப் பிறக்கவில்லை. ஒரு நாட்டின் துக்கத்திலிருந்து பிறந்தது.

ஒரு ராட்சதன் நகரத்துக்குள் நடக்கிறான் என்றால், அவன் காலடியில் யார் இருக்கிறார்கள்? படம் அவர்களைப் பார்க்கிறதா, பார்க்காமல் தாண்டிப் போகிறதா? மூலப் படமோ ரீமேக்கோ, எதை எடைபோடவும் எனக்கு இந்தக் கேள்வி போதும்.

மிருகம் பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் பிகினி பவளத்தீவு. அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 6 மெகாடன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்தது 15 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு. அபாயப் பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 'டைகோ ஃபுகுரியூ மாரு' என்று பெயர். அதில் 23 பேர். விடியற்காலையில் மேற்கே வானம் வெளுத்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. குண்டு பொடியாக்கிய பவளப்பாறை அது. கடலில் போட்ட ஆயிரங்கால் தூண்டிலை விட்டுவிட்டு ஓட முடியுமா? அது அவர்களுடைய பிழைப்பு. தலையிலும் தோளிலும் சாம்பல் விழ விழ, மணிக்கணக்கில் தூண்டிலை இழுத்துப் படகில் ஏற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது 23 பேரும் நோயாளிகள். ஜப்பானியச் சந்தைகளில் சூரை மீனை வாங்க ஆளில்லை. கதிர்வீச்சு பாய்ந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் குடும்பப் பெண்கள் அணுகுண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். அது நாடெங்கும் பரவிக் கோடிக்கணக்கான கையெழுத்துகளாக வளர்ந்தது. செப்டம்பர் 23ஆம் தேதி அந்தப் படகின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி இறந்துபோனார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 3ஆம் தேதி டோஹோ நிறுவனம் 'கோஜிரா'வை, அதாவது முதல் காட்ஜில்லாப் படத்தை, வெளியிட்டது. தயாரிப்பாளர் தனாகா டொமொயுகி. இயக்குநர் ஹோண்டா இஷிரோ, போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அந்த ஊர் என்ன கதியில் கிடந்தது என்று பார்த்தவர்.

படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நடுக்கடலில் ஒரு கப்பல். மேல்தளத்தில் மாலுமிகள் இசைக்கருவி வாசித்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறார்கள். திடீரென்று கடல் கொதிக்கிறது. கண்ணைப் பறிக்கும் ஒளி. கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. அன்றைக்கு டோக்கியோத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தப் படகுக்காரர்களின் படங்களை அவர்கள் எட்டு மாதமாகச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு ரயில் காட்சி வருகிறது. வேலைக்குப் போகும் சாதாரண மனிதர்கள் நம்மைப் போலவே பத்திரிகை படித்துக்கொண்டு பேசிக்கொண்டு போகிறார்கள். கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது கோஜிரா வேறா என்று அலுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தவள் நான் என்கிறாள். ஒரே ஒரு வசனம். அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

பிறகு டோக்கியோ எரிகிறது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் அமெரிக்க விமானங்களின் தீக்குண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைப் பலிகொடுத்த நகரம் அது. ஒன்பது ஆண்டுகளில் அந்த நகரத்தைத் திரையில் மறுபடியும் எரித்துக் காட்டுகிறார் ஹோண்டா. சுவரோரம் ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அந்த அப்பா எங்கே போனார் என்று படம் சொல்லவில்லை. சொல்லாமலே அரங்கம் முழுவதற்கும் தெரியும்.

மறுநாள் காலை மருத்துவமனை. தரையெங்கும் காயம்பட்டவர்கள். ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் கருவியை ஒரு சின்னக் குழந்தைக்கு அருகே பிடிக்கிறார். கருவி கடகடக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்து மெல்லத் தலையை ஆட்டுகிறார். குழந்தைக்கு உடம்பில் ஒரு காயமும் இல்லை. எந்த ராட்சதப் படத்திலும் இதைவிட என்னை உலுக்கிய காட்சி கிடையாது. மிருகம் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை!

இதையெல்லாம் என்ன வசதியை வைத்துக்கொண்டு செய்தார்கள்? சுபுராயா எய்ஜி தந்திரக் காட்சிகளை அமைத்தார். 1933இல் வந்த 'கிங் காங்'கில் மயங்கித் தந்திரக் காட்சி நுட்பத்தில் இறங்கியவர். ஒவ்வொரு அசைவாகப் பொம்மையை நகர்த்திப் படம்பிடிக்கக் காலமும் இல்லை, காசும் இல்லை. அதனால் ஒரு மனிதனுக்கு உடை மாட்டி, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் டோக்கியோவைக் கட்டி, அதில் நடக்கவிட்டார். உடைக்குள் இருந்தவர் நகாஜிமா ஹருவோ. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ கனம். விளக்குகளின் வெப்பத்தில் உள்ளே மூச்சுத் திணறும். அந்தக் குரல் இருக்கிறதே, அது எந்த மிருகத்தின் குரலும் அல்ல. இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா தோல் கையுறை மாட்டிய கையால் டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியை உரசி இழுக்க வைத்தார். ஒரு தந்தி அலறியது. 70 ஆண்டுகளாக அந்த அலறல் உலகத்தின் காதில் இருக்கிறது.

படத்தில் டாக்டர் செரிசாவா என்றொரு விஞ்ஞானி. ஆக்சிஜனை அழிக்கும் ஒரு பயங்கரத்தைக் கண்டுபிடித்து ஒளித்து வைத்திருக்கிறார். மிருகத்தைக் கொல்ல அது ஒன்றுதான் வழி. அவர் மறுக்கிறார். ஒருமுறை வெளியே வந்தால் அரசுகள் இதை ஆயுதமாக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் குறிப்புகள் அனைத்தையும் எரித்துவிட்டுக் கடலுக்குள் இறங்கி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, அந்த இரகசியத்தோடு தானும் மேலே வராமல் கடலடியிலேயே இறந்துபோகிறார். ஒரு விஞ்ஞானியின் மனச்சாட்சிக்குச் சினிமா கட்டிய கோயில் அந்தப் பாத்திரம்.

இனி ரீமேக்குகளுக்கு வருகிறேன். முதல் வெட்டு 1956இல் விழுந்தது. 96 நிமிடப் படத்தை அமெரிக்காவில் வாங்கி, கணிசமான பகுதியை நறுக்கி, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராகப் புகுத்தி, 80 நிமிடமாக உலகத்துக்கு அனுப்பினார்கள். ரயிலில் நாகசாகியைப் பேசிய அந்தப் பெண் போய்விட்டாள். குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரலாம் என்று மூலப் படத்தில் முதிய விஞ்ஞானி ஒருவர் கடைசியில் கலங்குவார். அந்தக் கலக்கமும் போய்விட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்ற ஆறுதலோடு படம் முடிந்தது. மூலப் படம் வெட்டில்லாமல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 வரை ஐம்பது ஆண்டு பிடித்தது.

1998இல் ரோலண்ட் எம்மெரிக் எடுத்ததில் மிருகத்தை உண்டாக்கியது பிரான்சின் சோதனை. பிகினியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டிவிட்டார்கள். மிருகம் வந்ததும் மன்ஹாட்டனையே காலி செய்துவிடுகிறார்கள். காலடியில் வெறும் கட்டடம்.

2014இல் கேரத் எட்வர்ட்ஸ் எடுத்த படத்தை அழகு என்று ஒப்புக்கொள்கிறேன். புகைமூட்டத்துக்குள் அந்த உருவம் எழுந்து நிற்பதில் கம்பீரம் இருக்கிறது. ஆனால் கதை என்ன சொல்கிறது? 1954இல் பசிபிக்கில் நடந்தவை சோதனைகளே அல்லவாம். காட்ஜில்லாவைக் கொல்ல நடந்த முயற்சியாம். குபோயாமா ஐகிச்சியைக் கொன்ற குண்டு, மனிதகுலத்தைக் காக்கப் போட்ட குண்டாகிவிடுகிறது! 2019இல் வந்த அதன் தொடர்ச்சியில், செரிசாவா என்ற அதே பெயர்கொண்ட விஞ்ஞானி, சோர்ந்து கிடக்கும் காட்ஜில்லாவுக்கு உயிரூட்ட அணுகுண்டைத் தன் கையாலேயே வெடிக்கச் செய்து மாள்கிறார். ஆயுதத்தை உலகத்திடமிருந்து மறைக்க உயிரைக் கொடுத்தவரின் பெயரை எடுத்து, அணுகுண்டைப் பிடிக்கும் கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை நண்பர்களே. இறந்தவர்களுக்குச் செய்த துரோகம் என்றே சொல்வேன்.

ரீமேக்கே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஜான் கார்ப்பென்டர் 1982இல் எடுத்த 'தி திங்', 1951ஆம் ஆண்டுப் படத்தை விட்டுவிட்டு அதற்கும் மூலமான ஜான் கேம்ப்பெல்லின் 1938ஆம் ஆண்டுக் கதைக்கே திரும்பிப் போய், பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா என்ற சந்தேகத்தை மீட்டெடுத்தது. வெளியான காலத்தில் விமர்சகர்கள் அதை அடித்துத் துவைத்தார்கள். இன்று 1951ஆம் ஆண்டுப் படத்தைவிட அதிகம் பேசப்படுவது அதுதான். 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்', மனிதர்கள் வேறொன்றாக மாறிப்போகும் கதை, 1956இல் வந்தபோது ஒரு சிற்றூரில் நடந்தது. ஃபிலிப் காஃப்மன் 1978இல் அதை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் தெரிந்த முகங்கள் மாறிப்போகும் பயம் ஒன்று. யாரையும் தெரியாத பெருநகரத்தில் மாறியது யார் என்றே கண்டுபிடிக்க முடியாத பயம் வேறொன்று. முதல் படத்தில் சாலையில் கத்திக்கொண்டு ஓடிய கெவின் மெக்கார்த்தி, 22 ஆண்டு கழித்து இந்தப் படத்தின் தெருவிலும் அதே எச்சரிக்கையோடு ஓடி வருகிறார்.

ஜப்பானியர்களும் தங்கள் மிருகத்திடம் திரும்பி வந்தார்கள். 2011இல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016இல் அன்னோ ஹிதேயாகியும் ஹிகுச்சி ஷின்ஜியும் 'ஷின் காட்ஜில்லா' எடுத்தார்கள். பாதிப் படம் அலுவலகக் கூட்டங்கள். மிருகம் ஊருக்குள் வந்துவிட்டது. எந்தத் துறையின் பொறுப்பு, எந்தச் சட்டப் பிரிவு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஓர் இடம். ஹெலிகாப்டர்கள் சுடத் தயாராக நிற்கின்றன. தண்டவாளத்தைக் கடந்து, முதியவர் ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு தப்பிப் போவது கண்ணில் படுகிறது. பிரதமர் சுட வேண்டாம் என்கிறார். மிருகம் தப்பிவிடுகிறது, பின்னால் பேரழிவும் வருகிறது. அந்த முடிவு சரியா தவறா என்று பார்ப்பவரையே தீர்மானிக்க விடுகிறது படம். காலடியில் இருப்பவரைப் பார்த்த படம் அது.

2023இல் யமசாகி தகாஷியின் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்'. அதே நவம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் வெளியானது. 35 பேர் சேர்ந்து 610 தந்திரக் காட்சிகளை உருவாக்கினார்கள். அடுத்த மார்ச்சில் காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கரை வாங்கினார்கள். அந்தப் பிரிவில் ஒரு ஜப்பானியப் படம் பெற்ற முதல் ஆஸ்கர் அது. பரிசைவிட எனக்குக் கதை பெரிது. ஷிகிஷிமா என்ற இளைஞன், எதிரிக் கப்பல்மேல் விமானத்தோடு மோதிச் சாக அனுப்பப்பட்டவன். இயந்திரக் கோளாறு என்று பொய் சொல்லித் தரையிறங்கியவன். வீடு திரும்பினால் பெற்றோர் இல்லை, தெருவே சாம்பல். நீ உயிரோடு வந்திருக்கிறாயே என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் அவனை அடிக்கிறாள். அதே பெண், அவன் வீட்டில் அடைக்கலமான ஓர் அநாதைக் குழந்தைக்காகத் தன் அரிசியை எடுத்து நீட்டுகிறாள். மிருகத்தை எதிர்க்கப் படகில் ஏறும் பழைய கடற்படைக்காரர்களிடம், இந்த நாடு உயிர்களை மலிவாக எண்ணியது, இம்முறை யாரும் சாகக் கூடாது என்கிறார் திட்டத்தை வகுத்த பொறியாளர். இறுதியில் ஷிகிஷிமா வெடிகுண்டு நிரப்பிய விமானத்தை மிருகத்தின் வாய்க்குள் செலுத்துகிறான். ஆனால் அதற்குமுன் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் பிழைக்கிறான். 1954இல் செரிசாவா செத்தார். 2023இல் இவன் வாழ்கிறான். 69 ஆண்டு கழித்து ஒரு படம் தன் தாய்ப்படத்தின் எதிரே உட்கார்ந்து, அம்மா, இங்கே மட்டும் நான் உன்னோடு உடன்படவில்லை என்று பேசுகிறது. ரீமேக் என்றால் இப்படிப் பேசத் தெரிய வேண்டும்!

இந்தத் திரைப்படச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். 1954ஆம் ஆண்டுப் படத்தை முறையாக உரிமை வாங்கி, வெட்டில்லாமல், கறுப்பு வெள்ளையிலேயே இந்த அரங்கில் திரையிடுங்கள். மறுவாரம் 2023ஆம் ஆண்டுப் படம். இரண்டுக்கும் தமிழில் வசன வரிகள் வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களோடு இந்தப் படங்கள் நின்றுவிடக் கூடாது. ஜப்பானிய மொழி கற்ற மாணவர்கள் இங்கே இரண்டு பேர் இருந்தால் போதும், ஆங்கில வழியாக வராமல் மூலத்திலிருந்தே எழுதலாம். திருத்திக்கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன். பள்ளி ஆசிரியர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அந்த மருத்துவமனைக் காட்சி முடிந்ததும் அவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல நாம் பெரியவர்கள் அரங்கில் இருக்க வேண்டும். உரிமைக் கட்டணத்துக்கு என் பங்கைக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மற்றவர்களும் இயன்றதைக் கொடுங்கள்.