வாசிக்கப்படாத பெயர்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சிக்குள் உதைபந்தாட்டம் ஏன் வருகிறது என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் உடையார்கட்டில் இருப்பவன். பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் பின்னேரம் ஐந்து மணியளவில் வருகிறவர்களுக்குத் தெரியும். விசுவமடு தாண்டினாலும் சரி, மூங்கிலாறு தாண்டினாலும் சரி, எங்கோ ஒரு வெளியிலிருந்து பந்து உதைபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவர்களால் அதை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் இன்று நான் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியல்ல. ஆட்டம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் வரும் ஒரு நாளைப் பற்றி. அதைப் பெயர் வாசிக்கும் நாள் என்று நான் சொல்லுவேன். ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்கிறார்கள். தமிழில் வீரர் தெரிவு என்று சொல்லிவிடலாம்.

தொழில்முறைக் கழகங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடும். ஆடக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியல் அவர்கள் முன்னால் இருக்கும். முறை வைத்து, ஒரு கழகம் ஒரு பெயரைச் சொல்லும். சொன்னால் அந்த வீரன் அந்தக் கழகத்துக்கு. பிறகு அடுத்த கழகம், அடுத்த பெயர். இது ஏலமல்ல. ஏலத்தில் கூடிய விலை கேட்டவனுக்குப் பொருள் போகும். இதில் யாருடைய முறையோ அவருக்கு ஆள். எந்த ஊருக்குப் போவது, யாருக்கு ஆடுவது என்று வீரன் தீர்மானிப்பதில்லை. அவன் காத்திருப்பான். அவனோடு சேர்ந்து ரசிகனும் காத்திருப்பான்.

இந்த முறை அமெரிக்காவிலே பிறந்தது. அங்கே அவர்கள் புட்போல் என்பது, முட்டை வடிவப் பந்தைக் கையிலே காவிக்கொண்டு ஓடுகிற வேறோர் ஆட்டம். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, தோற்கும் அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. பிலடெல்பியா அணியின் சொந்தக்காரரான பேர்ட் பெல் என்பவர் 1935இல் ஒரு யோசனை சொன்னார்: கடைசியாக வந்த அணி முதலில் தெரியட்டும். 1936 பெப்ரவரி 8ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் ஒன்பது அணிகளும் கூடின. கரும்பலகையில் 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து மாறி மாறித் தெரிந்தார்கள்.

கடைசியாக நிற்பவனுக்கு முதற் பங்கு. சங்கக்கடை வரிசையில் கால்கடுக்க நின்ற எங்களுக்கு இது புதினமாக இருக்கும். ஆனால் இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கிண்ணம் வென்ற அணியின் ரசிகன் அந்த நாளில் அவ்வளவு எதிர்பார்ப்பின்றி இருப்பான். ஆண்டு முழுவதும் தோற்ற அணியின் ரசிகனே விடியற்காலையில் எழுந்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பான். இந்தமுறை வரப்போகிற பெடியன் எங்களைத் தூக்கி நிறுத்துவான் என்பது அவனுடைய நம்பிக்கை. நாங்கள் சொல்லுமுன் மற்றவன் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவானோ என்பது அவனுடைய பயம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து இடிபடும்.

எங்களுக்கு விளங்குகிற உதைபந்தாட்டத்தில் இந்த முறை அருமை. ஐரோப்பாவில் கழகங்கள் பணம் கொடுத்து வீரர்களை வாங்கும். ஆனால் பக்கத்து நாடான இந்தியாவில், 2014இல் தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக் சில ஆண்டுகள் இந்தத் தெரிவை நடத்தியது. 2017 யூலை 23ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பாயில் பத்துக் கழகங்கள் கூடின. பட்டியலில் 205 இந்திய வீரர்கள். ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒரு விலை குறிக்கப்பட்டிருந்தது.

நான் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் ரசிகன். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தமிழ்நாட்டு அணி என்ற ஒட்டுதல். அந்தமுறை கழகம் தன் பழைய மூத்த வீரர்களில் ஜெஜே லால்பெக்லுவாவையும் கரன்ஜித் சிங்கையும் கைவிடாமல் வைத்துக்கொண்டது. நான் கவலைப்பட்டது தனபால் கணேசைப் பற்றி. வட சென்னை வியாசர்பாடிப் பெடியன். நடுக்களத்தில் ஆடுகிறவன். அவனுடைய பெயர் பொதுப் பட்டியலுக்குள் போய்விட்டது. யாரும் எடுக்கலாம்.

வியாசர்பாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூலிவேலை செய்கிறவர்களின் குடியிருப்புகள் நெருக்கமாக உள்ள இடம். அங்கே முல்லை நகர் மைதானத்தில் வெறுங்காலோடு பந்தடித்துத் தொடங்கிய பிள்ளைகள் பலர் பெரிய அணிகளுக்குப் போயிருக்கிறார்கள். முல்லை என்ற பெயரைக் கேட்டதுமே முல்லைத்தீவு மாவட்டத்துக்காரனுக்கு ஒரு சொந்தம் வந்துவிடும். கணேசை நான் நேரிற் கண்டதில்லை. இருந்தும் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை போலவும், அவனை யாரோ தூர தேசத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் போலவும் எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.

அன்றைக்கு எனக்குப் பெயர் வாசித்துச் சொன்னவன் என் அக்காவின் மகன். பதினேழு வயது. என் கண்ணுக்குக் கைத்தொலைபேசியின் சின்ன எழுத்துத் தெரியாது. முற்றத்து மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு நான் இருக்க, அவன் வாசற்படியில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தான். முதலில் வந்த பெயர் அனஸ் எடத்தொடிக்க. புதிய கழகமான ஜாம்ஷெட்பூர் எடுத்தது. விலை ஒரு கோடியே பத்து இலட்சம் இந்திய ரூபா. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் கொண்டோட்டிக்காரர். ஒரு காலத்தில் ஓட்டோ ஓட்டியவர் என்று முன்னரே வாசித்திருந்தேன். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. வங்காளத்துக்கு ஒருவன், கோவாவுக்கு ஒருவன், வடகிழக்குக்கு ஒருவன். ஒவ்வொரு பெயருக்கும் நான் ‘கணேசோ?’ என்று கேட்டேன். ‘இல்லை மாமா’ என்றான். கடைசியில் ஒருதரம் சற்று நிறுத்தி, ‘எடுத்திட்டினம் மாமா. சென்னைதான்’ என்றான்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அக்காவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னேன். பெடியனின் முதுகிலே தட்டி, ‘பாத்தியோ, திறமை இருந்தால் பெயர் வரும்’ என்று சொன்னேன். அவன் சிரித்தான். தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனான்.

நேயர்களே, நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் அந்தப் பெடியன் ஒரு தெரிவுப் போட்டிக்குப் போய் வந்திருந்தான். எந்தத் தெரிவு, யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. பந்துக்காப்பாளனாக ஆடுகிறவன். இரவல் சப்பாத்தோடு விடிய முதல் பஸ்ஸில் போனவன், இரவு திரும்பி வந்து, ‘என்ர பேர் வாசிக்கேல்லை’ என்று ஒரேயொரு வசனம் சொன்னான். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். ‘சரி, அடுத்தமுறை பாப்பம்’ என்று சொன்ன ஞாபகம். அன்றிலிருந்து அவன் மைதானத்துக்குப் போகவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

தன் பெயர் வாசிக்கப்படாத ஒரு பிள்ளை, முற்றத்தில் இருந்து, அறிமுகமில்லாத ஊர்க்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எனக்காக வாசித்திருக்கிறான். அவனிடம்தான் நான் திறமை இருந்தால் பெயர் வரும் என்று சொல்லியிருக்கிறேன். அன்று இரவு படுத்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

பெயர் வாசிப்பது என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 சனவரியில் இதே உடையார்கட்டுப் பாடசாலை தற்காலிக மருத்துவமனையாக இருந்தது. அங்கே யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டு ஓடியவர்கள் நாங்கள். பிறகு செட்டிகுளம் முகாமில் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும்போது, சட்டியில் கிடப்பது கருகினாலும் பரவாயில்லை என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவர்கள். எங்கள் பெயர் வந்தால் மகிழ்ச்சி. வராமற் போனால், பக்கத்துக் கூடாரத்தில் வந்தவரின் மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒன்பது வயதில் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவனும் அங்கே நின்றவன்தான். இவ்வளவும் கண்டபிறகும், வாசிக்கப்படாத ஒரு பெயரின் பாரம் எனக்கு விளங்காமற் போனதே என்பதுதான் என் வெட்கம்.

தெரிவு நாளில் ரசிகனுக்கு நேருகிற பிழை இது. அவன் பட்டியலை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான். பட்டியல் தீர்ப்பல்ல என்பதற்கு முதல் தெரிவே சாட்சி. 1936இல் கரும்பலகையிலிருந்து முதன்முதல் எடுக்கப்பட்டவன் ஜே பேர்வாங்கர் என்ற சிக்காகோ பல்கலைக்கழக மாணவன். அவன் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு தொழிலுக்குப் போய்விட்டான். மறுபக்கம், 2000ஆம் ஆண்டுத் தெரிவில் டொம் பிரேடி என்பவனை 198 பேருக்குப் பிறகு, 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவன் பின்னர் ஏழு முறை சம்பியன் கிண்ணம் வென்றான். முதலாவதாக வாசிக்கப்பட்டவன் வராமற் போனான். கடைசிக்குக் கிட்ட வாசிக்கப்பட்டவன் ஆட்டத்தையே ஆண்டான்.

எங்கள் பழைய ஆட்களுக்கும் பெயர் தெரியும் வழக்கம் இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 10ஆம் நூற்றாண்டு, முதலாம் பராந்தக சோழன் காலம். ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிய, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அதிலே ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் ஒருமுறை இருந்தவனின் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் குடத்தில் இட முடியாது. அதாவது, இம்முறை ஓலை வராதவனுக்கு இடம் திறந்தே இருக்கும். எடுக்கப்படாதவன் தகுதியற்றவன் என்று ஊர் நினைக்கவில்லை.

கணேசின் கதையை முடித்துவிடுகிறேன். 2018 மார்ச் 13ஆம் திகதி, அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3 - 0 என்று கோவாவை வென்றது. ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. நான்கு நாட்களின் பின் பெங்களூரில் இறுதியாட்டம். 3 - 2 என்று வென்று சென்னை கிண்ணத்தை எடுத்தது. நான் பயந்து பயந்து காத்திருந்த பெயர் என்னை ஏமாற்றவில்லை. அந்தத் தெரிவு முறை மட்டும் 2017உடன் அங்கே நின்றுபோனது. பிறகு கழகங்களும் வீரர்களும் நேரடியாகவே ஒப்பந்தம் பேசிக்கொள்கிறார்கள்.

இங்கேயும் சில பட்டியல்கள் வந்தன. 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்று 12 அணிகளோடு உதைபந்தாட்டம் நடந்தபோது, எந்த ஊர்ப் பெடியன் எந்த அணியில் என்று தேநீர்க் கடைகளில் விவாதம். 2020இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாண அணிக்கு யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் தெரிவானபோது, கிரிக்கெட் தெரியாத நானும் மகிழ்ந்தேன். மகிழத்தான் வேண்டும். ஆனால் இப்போது ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் என் கண் வேறோர் இடத்தையும் தேடுகிறது. பஸ்ஸில் திரும்பி வருகிறவன் யார்? அவனுக்கு வீட்டில் யார் கதவு திறக்கிறார்கள்?

என் மருமகனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் பெரிய வீரனாகவில்லை. அடுத்த நாள் நான் அவனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகவுமில்லை. எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. ‘நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று மட்டும் சொன்னேன். ‘பரவாயில்லை மாமா’ என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு, கம்பத்துக்கு நடுவே நிற்க ஆளில்லை என்று சின்னப் பெடியள் படலையில் வந்து கூப்பிட்டபோது, எழும்பிப் போனான். இன்றைக்கு அவன் வவுனியாவில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்தால் பின்னேரம் அங்கேதான் நிற்பான்.

பெற்றோரிடமும், கழகங்களை நடத்துகிற பெரியவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். பட்டியல் வருகிற நாளில், பெயர் வந்த பிள்ளைக்கு மாலை போடுங்கள், வெடியும் கொளுத்துங்கள். அன்று பின்னேரமே மற்றப் பிள்ளையின் வீட்டுப் படலைக்கும் ஒருதரம் போங்கள். நாளைக்கு ஆட்டம் இருக்கிறது, நீ வா என்று சொல்லுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.