கையில் வரும் பணமும் மிச்சமிருக்கும் வருடங்களும்

(ஓய்வுபெறவிருக்கும் தொழிலாளர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



முப்பது, முப்பத்தைந்து வருடம் மலையில் ஏறி இறங்கிய பிறகு நமக்கு மூன்று இடத்திலிருந்து பணம் வருகிறது. முதலாவது ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப். இதற்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும். இரண்டாவது ஈ.ரி.எப். அது நிர்வாகம் மட்டுமே போடும் 3 சதவீதம். மூன்றாவது சேவைக்காலப் பணம். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூரண சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக நாளுக்கு 1,350 ரூபா வாங்கினீர்கள், 30 வருடம் வேலை செய்தீர்கள் என்றால் 567,000 ரூபா வர வேண்டும்.

இந்தப் பணம் எல்லாம் ஒரே தடவையில் கைக்கு வருகிறது. அரசாங்க உத்தியோகத்தருக்கு உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஓய்வூதியம் வரும். அவர் 65 வயதில் போனாலும் சரி, 90 வரை இருந்தாலும் சரி, அந்தக் கணக்கை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நமக்கு அப்படி இல்லை. எத்தனை வருடம் வாழப்போகிறோம் என்ற கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போடச் சொன்னால், “நம்ம ஆளுங்க அறுபத்தஞ்சுக்கு மேல எங்க இருக்கப்போறாங்க?” என்று சிலர் சிரிக்கிறார்கள். அது தப்பான கணக்கு. ஆயுள் எதிர்பார்ப்பு என்று பத்திரிகையில் வருவது பிறந்த குழந்தைக்கான சராசரி. சிறு வயதில் இறந்தவர்கள், விபத்தில் போனவர்கள் எல்லாரும் அதில் சேர்கிறார்கள். 60 வயதைத் தாண்டி வந்த நீங்கள் அந்த ஆபத்துகளைக் கடந்துவிட்டீர்கள். இலங்கையில் 60 வயதான ஒருவருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 20 வருடம் இருக்கிறது. பெண்களுக்கு அதைவிடக் கூட. அது சராசரிதான், அதையும் தாண்டி வாழ்பவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அங்கே வரிச் சலுகையோடு ஓய்வுகாலத்துக்குச் சேமித்த பலர், 73 வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அரசாங்கம் தனக்குரிய வரியை வாங்குவதற்காக வைத்த சட்டம் அது. எவ்வளவு எடுப்பது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. கணக்கில் உள்ள பணத்தை 73 வயதில் 26.5 ஆல் பிரிக்க வேண்டும். 80 வயதில் 20.2. 90 வயதில் 12.2.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். 80க்கும் 90க்கும் இடையில் பத்து வருடம் போய்விட்டது, ஆனால் எண் எட்டுதான் குறைந்திருக்கிறது. ஒரு வருடம் வாழ்ந்துவிட்டால் மிச்ச ஆயுள் ஒரு முழு வருடம் குறைவதில்லை. அடுத்தது, அந்த அட்டவணை ஓர் ஆளின் ஆயுளை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. பத்து வயது இளைய ஒரு வாரிசையும் சேர்த்துப் போட்டது. நம் வீட்டிலும் அப்படித்தானே? கணவன் போன பிறகு மனைவி பல வருடம் இருப்பார். பணம் இரண்டு பேருக்கும் வர வேண்டும்.

அந்தச் சட்டம் நமக்கு இல்லை. ஆனால் வகுத்தல் கணக்கு நமக்கும் உதவும். அவர்களுக்கு அது எடுக்க வேண்டிய குறைந்தபட்சம். நாம் அதை, இதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, மூன்றும் சேர்ந்து 18 இலட்சம் என்று வைப்போம். 60 வயதில் 20 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 90,000, மாதம் 7,500 ரூபா. மகனுக்கு ஓட்டோ, மகள் கல்யாணம் என்று முதல் மாதமே 6 இலட்சம் போய்விட்டால் மாதம் 5,000 ரூபாதான். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதே 18 இலட்சத்தை 50 வயதில் எடுத்த தாய் 30 வருடத்துக்குப் பிரிக்க வேண்டும். அவருக்கும் மாதம் 5,000தான். உண்மையில் சேவைக்காலம் குறைவதால் தொகையே இன்னும் குறையும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உடம்பு இடம் கொடுத்தால், யாரும் அவசரப்படுத்தினார்கள் என்பதற்காக முன்பே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

விலைவாசியும் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. அதனால் வங்கி வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிடாமல், ஒரு பகுதியை முதலோடு சேர விடுங்கள். ஒவ்வொரு வருடமும் மிச்சப் பணத்தை மிச்ச வருடத்தால் மறுபடி பிரித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும். வாரிசாக யார் பெயர் கொடுத்தீர்கள்? கல்யாணத்துக்கு முன் கொடுத்த அம்மாவின் பெயரே இன்னும் இருந்தால் மாற்றுங்கள். பிடித்த பணம் நிதியில் கட்டப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். சேவைக்காலப் பணம் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் வர வேண்டும். தாமதித்தால் நிர்வாகம் மேலதிகத் தொகை சேர்த்துக் கட்ட வேண்டும். வரவில்லையென்றால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சங்கமும் ஒரு கோரிக்கையை விடக் கூடாது. விரும்பும் தொழிலாளி தன் பணத்தில் ஒரு பகுதியை ஆயுள் முழுவதும் மாதாந்த ஓய்வூதியமாகப் பெற வழி வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகச் சேர்ந்தால் சிலர் முன்னால் போவார்கள், சிலர் நீண்ட நாள் இருப்பார்கள்; சராசரிக்குப் பணம் இருந்தால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். தனி ஆளாக இருக்கும்போது தொண்ணூறு வயதுக்கும் நாமே சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. சந்தா கட்டி ஒன்றாக நின்று சம்பளம் கேட்ட நாம், இதையும் ஒன்றாக நின்று கேட்க வேண்டும்.