வேலி தரும் எரு



வயலுக்கு வேலி காவல். வீட்டுத் தோட்டத்திற்கோ அது காவலும் ஆகும், அழகும் ஆகும். கிளுவை, மருதாணி, ஆடாதொடை, செம்பருத்தி, கிளைரிசிடியா முதலிய செடிகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் வேலியை உயிர்வேலி என்கிறோம். உயிர் உடையதாகையால் அது வளர்கிறது. வளர்வதால் அவ்வப்போது கவாத்துச் செய்ய வேண்டியுள்ளது. இதையே தொழிலாகக் கொண்டு, கத்தரியும் அரிவாளும் ஏந்தி வீடு வீடாகச் செல்வோர் நம் நகரங்களில் பலர். எந்திரக் கத்தரிகளும் வந்துவிட்டன. இவர்கள் வெட்டிக் குவிக்கும் தழையும் சுள்ளியும் பிறகு எங்கே செல்கின்றன? இந்த ஒரு வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெரும்பாலும் அவை மூன்று இடங்களைச் சேர்கின்றன. முதலாவது தெருமூலை. அரளிக் கிளைகளை அங்கே எறிந்தால், மேய வரும் ஆடுமாடுகளின் உயிருக்கே ஆபத்து; அரளியின் நஞ்சு காய்ந்த பின்னும் நீங்குவதில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டை ஏரிக்கரையில் போட்டால், ஈரம் கண்ட துண்டெல்லாம் வேர்விட்டுப் புதராகிவிடும்.

இரண்டாவது தீ. பச்சைத் தழை நன்கு எரியாது; நெடுநேரம் புகையும். அப்புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் உட்புறம் வரை செல்லக்கூடியவை. ஆஸ்துமா உள்ள குழந்தையும் முதியவரும் முதலில் துன்புறுவர். மைய அரசு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவுகளை எரிக்கலாகாது என்றும், தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியே சேர்த்து வைக்க வேண்டும் என்றும் விதித்தன.

மூன்றாவது நகராட்சிக் குப்பை மேடு. அங்கே பிற குப்பைகளின் அடியில் காற்றின்றிப் புதையும் தழை அழுகி, மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது அது.

இம்மூன்று வழிகளிலும் இழப்பது மண்ணே. வேலிச் செடி வேரால் மண்ணிலிருந்து எடுத்த சத்துக்கள் இலையில் உள்ளன. அவற்றைத் திரும்பக் கொடாமல் ஆண்டுதோறும் அகற்றிவந்தால் மண் வறியதாகும். பிறகு அதே வீட்டுக்காரர் கடையில் எரு மூட்டை வாங்கி வந்து போடுகிறார்! தம் பொருளைத் தாமே எரித்துவிட்டு விலைகொடுத்து வாங்குவது என்ன கணக்கு?

இக்கணக்கைத் திருத்தும் வழி நம் நாட்டிலேயே செம்மை பெற்றது. 1924 முதல் 1931 வரை இந்தூர்த் தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்னும் அறிஞருடன் சேர்ந்து இந்தூர் முறையை வகுத்தார். செடிகொடிக் கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் நல்ல மக்கு எரு கிடைக்கும். கடினமான பருத்திமாரை அவர் என்ன செய்தார் தெரியுமா? பண்ணைப் பாதையில் பரப்பி, போக்குவரத்தில் நசுங்கவிட்டார். இன்று துண்டாக்கும் இயந்திரம் செய்யும் வேலையை அன்று பாதையே செய்தது.

இதன் தத்துவம் எளிது. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்து ஏறத்தாழ 30 பங்கிற்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் உணவு தேவை. இளந்தழையில் தழைச்சத்து மிகுதி. சருகிலும் சுள்ளியிலும் கரிமச்சத்து மிகுதி. தழையை மட்டும் குவித்தால் நாறும். சுள்ளியை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கலந்து, பிழிந்த துணி அளவு ஈரத்துடன், நீளம் அகலம் உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் குவித்தால், உள்ளே வெப்பம் 55 பாகைக்கு மேலும் ஏறும். அவ்வெப்பத்தில் களை விதைகள் பெரும்பாலும் மடியும். நான் பணியாற்றிய பள்ளியில் மருதாணி வேலியின் தழையைக் கொண்டு இச்சோதனையைச் செய்தபோது, குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பியை நான்காம் நாள் உருவித் தொட்ட மாணவர்கள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டனர். கரும்பலகையில் நான் எழுதிய பாடத்தைவிட அக்கம்பி நன்றாகக் கற்பித்தது.

இவ்வளவு எளிதாயின் எல்லோரும் ஏன் செய்வதில்லை? வேலி வெட்டும் தொழில் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஐயா, வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம், வாரி ஒழுங்கு செய்ய இன்னும் ஒரு மணி நேரம். முதல் இரண்டுக்குத்தான் கூலி பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதனால்தான் தீக்குச்சி மலிவாகத் தெரிகிறது" என்றார்.

அவர் இப்போது அந்த மூன்றாவது மணியையும் சேர்த்தே கூலி பேசுகிறார். மெல்லிய தழையை அவ்வீட்டுச் செடிகளின் அடியிலேயே மூடாக்காகப் பரப்புகிறார்; தண்டைத் தொடாதபடி ஒரு சாண் விலக்கியே இடுகிறார். இதனால் மண்ணின் ஈரம் காக்கப்படுகிறது, களை குறைகிறது. சுள்ளிகளை நறுக்கித் தழையுடன் கொல்லை மூலையில் குவிக்கிறார். தடித்த கிளைகள் விறகாகின்றன. அரளியையும் நோயுற்ற கிளைகளையும் தனியே பிரித்து, கால்நடைகளுக்கு எட்டாமல் வைக்கிறார். இடமில்லாத வீட்டுத் தழையை ஊர்ப்புறத்தில் வாடகைக்கு எடுத்த மனையில் மக்கவைத்து நாற்றுப்பண்ணைகளுக்கு விற்கிறார். முதல் ஆண்டில் எருவால் லாபம் ஒன்றும் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். குறைந்த கூலிக்கு வெட்டி, தெருவில் எரித்துச் செல்பவரை நாடிச் சில வீட்டார் போய்விட்டனராம்.

ஆகவே, பொறுப்பைத் தொழிலாளி ஒருவர் மீதே சுமத்துவது நீதியாகாது. கூலி பேசும்போது நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் அவர் பிழைப்பும், அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சும் அடங்கியுள்ளன. வேலி நேராக நின்றால் வேலை முடிந்தது என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. வெட்டிய தழை மண்ணைச் சேரும் வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ அடுத்த முறை வேலி கத்தரிக்கப்படும்போது அருகில் நில்லுங்கள். தழை எங்கே போகிறது என்று கேளுங்கள். கொல்லையில் ஒரு மூலையை அதற்கு ஒதுக்கித் தரும்படி பெரியோரிடம் வேண்டுங்கள். வேலை செய்பவரின் மூன்றாவது மணிக்கும் உரிய கூலி தரப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். மூன்று மாதங்களுக்குப் பின் அக்குவியலின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் அதில் இருக்கும்.