விளையாட்டில் பழகும் சோதனை



சென்ற விடுமுறையில் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். கணினிக்கு எழுதப்படும் மென்பொருள்களில் பிழை உண்டா என்று சோதிப்பது அவன் தொழில். ஒரு ஞாயிறு மாலை தேக்காச் சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை நீட்டினான். "மாமா, நாங்கள் பயிற்சிக்கு இப்படி விளையாட்டுகளும் ஆடுவோம். நீங்களும் பாருங்கள்" என்றான்.

திரையில் 2, 4, 6. இவை ஒரு விதிக்கு உட்பட்டவை. நாம் வேறு மூன்று எண்களைக் கொடுத்தால், விதிக்குப் பொருந்துமா என்று "ஆம்" அல்லது "இல்லை" வரும். 8, 10, 12 கொடுத்தேன். ஆம். 20, 22, 24. ஆம். இருபது வருடம் கணக்குப் படிப்பித்தவனல்லவா! இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடித்துவிட்டேன். தவறு. ஒன்றைவிட அடுத்தது பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவே விதி. 1, 7, 50 என்று கேட்டிருந்தால் என் நினைப்பு உடைந்திருக்கும்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட சோதனை இது. 29 பேரில் 6 பேர்தான் முதற்சொல்லிலேயே விதியைச் சரியாகச் சொன்னார்கள்.

பணம் அனுப்பும் மென்பொருளில் 100 வெள்ளி சரியாகப் போவதைப் பார்த்தால் மட்டும் போதுமா? கையிருப்புக்கு மேல் அனுப்பினால்? பொத்தானை இருமுறை அழுத்தினால்? 2018-இல் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு அமைச்சே தன் இணையத் தளங்களில் ஓட்டை தேட வெளியாட்களை அழைத்தது. 264 பேர் தேடினார்கள். 35 குறைகள் அகப்பட்டன. கண்டுபிடித்தவர்களுக்குப் பணமும் உண்டு.

நமக்கு இது புதிதா? நான் சிறுவனாயிருந்தபோது கொழுந்துத் தராசில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தராசுக்காரர் வெறுந் தராசைக் காட்டி, முள் பூச்சியத்தில் நிற்கிறதே என்றார். அம்மா விடவில்லை. கடையில் நிறுத்து வாங்கிய 10 கிலோ அரிசியைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். முள் 9-இல் நின்றது. ஒரு நாள் கொழுந்தில் அது எத்தனை கிலோ என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அவள் மகனான நான், தவறான விடை சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவன். ஊர் திரும்பியதும் இதே விளையாட்டைக் கரும்பலகையில் ஆடவைத்தேன். கைப்பேசி தேவையில்லை, வீட்டில் நீங்களும் ஆடலாம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எடுத்தவுடனே 5, 5, 5 என்றாள். "இல்லை" என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, அடுத்த மூன்று எண்களை எழுதிக்கொண்டிருந்தாள்.