நாற்பத்திரண்டு வயதில் மட்டையைத் தொட்டவர்
(ஜமாஅத் வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு தொழிலதிபரின் வாழ்வை நினைவுகூரும்படி என்னைப் பணித்தீர்கள். நம் ஊர்ப் பெரியவர் எவரையேனும் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் காலமான கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டும் அறியாத எனக்கு அவரிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாற்பதைக் கடந்துவிட்டால் இனிப் புதிதாகத் தொடங்க என்ன இருக்கிறது என்று என்னிடம் மனம் சோர்ந்து பேசுவோர் இந்த மஹல்லாவில் பலர் உள்ளனர். நானும் அந்த வயதினன்தான். அவர்களுக்காகவே இந்தத் தேர்வு.

1911இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்த அவர், குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்துடன் அமெரிக்காவின் சியாட்டிலில் குடியேறினார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. பொறியியல் கற்கப் பல்கலைக்கழகம் சென்ற மகன், பொருளாதார மந்த காலத்தில் பணமின்றிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் தொழிலுக்கே திரும்பினார். 1936இல் லூயிஸ் என்னும் மங்கையை மணந்தார். வீடு வீடாகச் சென்று சமையல் பாத்திரம் விற்றார். பின்னர் விமானத் தொழிற்சாலையிலும், அதன்பின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலும் பொறியாளரானார். பட்டம் பெறாத பொறியாளர் என்பதை நினைவில் வையுங்கள்.

1954இல் உடன் பணியாற்றியோர் அழைத்ததால் முதன்முதலாகக் கோல்ஃப் ஆடச் சென்றார். அப்போது அவருக்கு வயது 42. குழிக்கு அருகே வந்த பந்தை மெல்லத் தட்டி உள்ளே விடும் வேலைதான் அவருக்குக் கைகூடவில்லை. வேறொருவராயின் பயிற்சி போதாது என்று தம்மையே நொந்திருப்பார். இவரோ மட்டையின் மீது ஐயம் கொண்டார்! பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டால் மட்டையின் தலை திருகிக்கொள்கிறது. எடையை நடுவில் வைக்காமல் இரு ஓரங்களுக்கும் பிரித்து வைத்தால் திருகல் குறையும். இதனை அவர் ஐஸ் குச்சிகளையும் இரண்டு சர்க்கரைக் கட்டிகளையும் ஒட்டிப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

1959இல் கலிஃபோர்னியாவில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் முதல் மட்டையைச் செய்தார். பந்தில் பட்டதும் அது 'பிங்' என ஒலித்தது. அதுவே நிறுவனத்தின் பெயருமாயிற்று. தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கொண்டு சென்றபோது அதன் தோற்றத்தைக் கண்டு நகைத்தவர்களே மிகுதி. 1962இல் ஜான் பார்னம் என்னும் 51 வயது ஆட்டக்காரர் அம்மட்டையைக் கொண்டு ஒரு போட்டியில் வென்ற பிறகே மற்றவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

1966இல் அவர் மனத்தில் புதிய வடிவம் ஒன்று தோன்றியது. கையில் கிடைத்த இசைத்தட்டின் உறையிலேயே அதை வரைந்துவிட்டார். பெயர் வைத்தவர் மனைவி. ஆட்டக்காரர்களின் சிக்கலுக்கு இதுவே விடை என்னும் பொருளில் 'ஆன்ஸர்' என்றார் அவர். மட்டையில் அத்தனை ஆங்கில எழுத்துகளைப் பொறிக்க இடமில்லை என்று கணவர் தயங்க, 'டபிள்யூ' எழுத்தை நீக்கிவிடுங்கள், ஒலி மாறாது என்றார். அப்படியே செய்தனர். கடைக் கணக்கையும் சரக்கையும் பற்றி இல்லத்தாரிடம் ஒரு சொல்லும் பேசாத நம்மவர் சிலர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். 1967இல் நிலையான சம்பளத்தை விட்டு முழுநேரத் தொழிலில் இறங்கியபோது அவருக்கு 55 வயது. மனைவியும் மக்களும் தொழிலில் உடன் நின்றனர். 1969இல் ஜார்ஜ் ஆர்ச்சர் புகழ்மிக்க மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது பிங் மட்டையைக் கொண்டுதான்.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. அவருடைய இரும்பு மட்டைகளின் முகத்திலிருந்த பள்ளக் கோடுகள் பந்தைச் சீவுவதாகப் புகார் வந்தபோது, அவற்றின் விளிம்பை மழுக்கினார். அதனால் கோடுகளுக்கு இடையிலான தூரம் விதிக்குப் பொருந்தவில்லை என 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் கூறியது. அளக்கும் முறையே தவறு என்று இவர் வழக்காடினார். மயிரிழை அளவுக்காக நீதிமன்றப் படியேறுவதா என்று பலர் வியந்தனர். 1990 ஏப்ரல் 1க்கு முன் செய்யப்பட்டவை செல்லும், இனிச் செய்பவை விதிப்படி இருக்கும் எனச் சங்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரர் அமைப்புடனான வழக்கு 1993இல்தான் முடிந்தது. முதுமையில் இத்தனை ஆண்டுகளை வழக்கிற்குக் கொடுத்திருக்க வேண்டுமா என்னும் எண்ணம் எனக்கு உண்டு. ஆனால் தாம் விற்ற சரக்கு குறையுடையது என்று ஒப்புக்கொண்டால், அதை வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு வணிகருக்கு அது சிறிய கேள்வியன்று.

அதே 1990இல் அமெரிக்க, ஐரோப்பியப் பெண் ஆட்டக்காரர்கள் மோதும் சோல்ஹைம் கோப்பை தொடங்கியது. தம் மட்டையால் பட்டம் வென்றவர்களுக்குப் பொன்முலாம் பூசிய மட்டையைச் செய்து கொடுப்பதும், அதே போன்ற ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வதும் நிறுவனத்தின் வழக்கமாயிற்று. 1995இல் இளைய மகன் ஜான் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நடுக்குவாத நோயுடன் இறுதிக் காலத்தைக் கழித்த கார்ஸ்டன் 88ஆம் வயதில் மறைந்தார். எழுத்தை நீக்கச் சொன்ன லூயிஸ் அம்மையார் 2017 வரை வாழ்ந்தார். அதே ஆண்டில் பேரர் ஒருவர் நிறுவனத்தின் தலைவரானார்.